மேப் சாரின் சின்ன எழுத்து

மேப் சாரிடம் போய் "அது போச்சு சார்" என்று சொல்லிவிட்டு யாரும் தப்பித்துவிட முடியாது. பிரிண்டர் போச்சு, கரண்ட் போச்சு, மானிட்டர் போச்சு, எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஒரே பதில்தான் வரும்.

"போச்சுங்கறது நீங்க நெனைக்கறது. கண்ணுக்கு என்ன தெரியுது? அத மட்டும் சொல்லுங்க."

எனக்கு இது ஆரம்பத்தில் அறவே பிடிக்காது. என் வாய் அப்படி. நினைப்பதற்கும் பேசுவதற்கும் நடுவில் எனக்கு ஒரு மூச்சு இடைவெளிகூடக் கிடையாது. "சார், இன்னைக்கு மழ கொட்டப்போவுது" என்றால், "மேகம் எந்தப் பக்கம் இருக்கு?" என்பார். "டீக்கடைக்காரரு இன்னைக்கு ரொம்பக் கோவமா இருக்காரு சார்" என்றால், "என்ன பண்ணாரு?" என்பார். டம்ளரை டக்கென்று வைத்தார் என்பேன். "அப்ப டம்ளர டக்குன்னு வெச்சாருன்னு சொல்லுங்க. கை வழுக்கியிருக்கும், நீங்க எதுக்குக் கோவம்ங்கறீங்க?" அடக் கடவுளே, ஒரு மனுஷனிடம் இரண்டு வார்த்தை வம்பு பேச வழியில்லையே என்று பல நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவருக்குப் பேர் இல்லாமல் இல்லை. மேப் போடுகிறவர் என்பதால் ஓனரிலிருந்து கீழே டீக்கடைவரை எல்லாருக்கும் மேப் சார். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அரியலூரில் ஸ்டேஷன் போகிற ரோட்டில், ஒரு பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். சுண்ணாம்புக்கல் தோண்டுகிற குழிகளுக்கு மேப் போட்டுக் கொடுப்பது தொழில். சர்வேயர்கள் இரண்டு பேர் விடிந்ததும் குழிக்குப் போய் வெயிலில் நின்று அளந்து, எண்களாக நோட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் அடிப்பது நான். நான் அடித்ததைக் கோடாகவும் எல்லையாகவும் மாற்றி மேப்பாக எடுப்பது அவர். ஓனர் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார். ஆக, காலை பத்திலிருந்து சாப்பாட்டு நேரம்வரை அந்த மாடியில் நானும் அவரும் மட்டும்தான்.

அவருடைய கம்ப்யூட்டர் ஒரு வேடிக்கை. ஓனர் ஒருதரம் பைக்கிலிருந்து விழுந்தபோது கூடவே விழுந்து திரை நொறுங்கிய லேப்டாப் அது. ஓனர் தூக்கி எறியப் பார்த்தார். மேப் சார் வாங்கி, நொறுங்கிய மேல்பாதியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கீழ்ப்பாதியை மட்டும் மேஜையில் வைத்து, ஒரு பழைய குண்டு மானிட்டரை அதில் சொருகிக்கொண்டார். உள்ளே விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அவர் திரையில் எழுத்தெல்லாம் கடை போர்டு மாதிரி பெரிது பெரிதாக இருக்கும். மூன்று வருஷமாக அப்படித்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பழைய மானிட்டர், அப்படித்தான் வரும்போல என்று நானும் இருந்துவிட்டேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். நம் காதைப் பார்ப்பார், அதுவும் இடது காதை. சர்வேயர்கள், "தலக்கனம் புடிச்ச ஆளு, மூஞ்சியப் பாத்துப் பேசுனா என்னா கொறஞ்சா போயிடும்?" என்பார்கள். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள் என்று தெரிந்ததும் பஸ்ஸிலும் கடையிலும் ஆண்கள் என் முகத்தைப் பார்க்கிற விதமே மாறிவிடும். காதைப் பார்த்துப் பேசுகிற ஆளிடம் அந்தத் தொல்லை இல்லை. சேர்ந்த இரண்டாம் மாதத்திலிருந்து தோட்டைப் பளபளவென்று துடைத்துப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், திரும்பி வந்தவள்தான். கல்யாணமாகி எட்டே மாதத்தில். வந்து சேர்ந்தது பெரம்பலூரில் அண்ணன் வீடு. அண்ணனுக்கு வேப்பந்தட்டைப் பக்கம் வெங்காயக் காடு. விடிந்தால் போனவர் இருட்டினால் வருவார். அண்ணி கெட்டவள் இல்லை, ஆனால் பேச மாட்டாள். "சோறு இருக்கு" என்பாள். அது பேச்சில் சேருமா? வீட்டில் பேசாத பேச்சையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுதான் தினமும் காலையில் அரியலூர் பஸ் ஏறுவேன். பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமா வேறு வேறா என்று அரசாங்கமே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த காலம். எனக்கு அந்த ஒரு மணி நேர ரோடுதான் மாவட்டம்.

ஏன் திரும்பி வந்தாய் என்று என்னைக் கேட்காத ஆள் கிடையாது. அடித்தானா, குடித்தானா, மாமியார் கொடுமையா என்று அவர்களே பதிலையும் எடுத்துக் கொடுப்பார்கள். மேப் சார் ஒரே ஒருநாள் கேட்டார். அவர் கேட்டது வேறு.

"அந்த வூட்டுல என்ன பாத்தீங்க?"

பார்த்ததை மட்டும் சொன்னேன்.

"அவரு என்னப் பேரு சொல்லி ஒரு தடவகூடக் கூப்பிட்டதில்ல சார். எட்டு மாசத்துல ஒரு தடவகூட. இந்தா, ஏய், அவ்வளவுதான்."

"ம்" என்றார். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை, விடுங்க என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எதற்குக் கூப்பிட்டாலும் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். கொளஞ்சி என்று எனக்குப் பேர். பள்ளிக்கூடத்தில் இந்தப் பேரை வைத்துக் கேலி செய்து என்னை அழவைக்காத பிள்ளைகள் இல்லை. அவர் வாயில் அது நன்றாகத்தான் இருந்தது.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். தா.பழூர்ப் பக்கம் சொந்த ஊர் என்பார், போய் வந்ததாகத் தெரியாது. ஸ்டேஷன் பக்கத்தில் ஒற்றை ரூம். ஆபீஸ் சாவி அவரிடம்தான், எட்டரைக்கெல்லாம் வந்து திறந்துவிடுவார். ரூமில் உட்கார்ந்து என்ன செய்வது என்பார். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்காமல் நான் இருப்பேனா?

"ஒரு தடவ பொண்ணு பாக்கப் போனோம். பொண்ணு எப்பிடிடான்னு வெளிய வந்து மாமா கேட்டாரு. பொடவ மஞ்சள்னு சொன்னேன். அவரு அதோட விட்டுட்டாரு."

இதைச் சிரிக்காமல் சொன்னார். நான்தான் மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

இனி அந்தப் பொங்கலைச் சொல்ல வேண்டும். 2007. லீவில் ஓனரின் அக்கா மகன், திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறவன், ஆபீசுக்கு வந்திருக்கிறான். "மாமா, இது அரதப் பழசு, புது லினக்ஸ் வந்துடுச்சு" என்று ஒரு சிடியைப் போட்டு மாற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கூடப் பார்க்காமல் ஊருக்குப் போய்விட்டான். லீவு முடிந்து வந்து பார்த்தால் மானிட்டர் கறுப்பு.

"செத்துப்போச்சு சார்" என்றார் நின்றுகொண்டிருந்த சர்வேயர்.

மேப் சார் கீபோர்டில் ஒரு கீயைத் தட்டினார். ஓரத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினார், அணைந்தது. "செத்ததுக்கு வெளக்கு எரியுமா? கொளஞ்சி, இங்க வாங்க. மானிட்டர்ல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல சார்."

"ஒண்ணுமேவா?"

"கறுப்பா இருக்கு. ஒரு சின்னக் கட்டம் மட்டும் இருக்கு. அதுல அவுட் ஆஃப் ரேஞ்ச்னு எழுதியிருக்கு. அந்தக் கட்டம் எடம் மாறி மாறி மெதக்குது."

"இவ்வளவு தெரியுது, ஒண்ணும் தெரியலங்கறீங்களே!" என்றார். அவர் சந்தோஷமாக இருந்தார் என்று நான் நினைத்தேன். "மெஷினும் உசுரோட இருக்கு, மானிட்டரும் உசுரோட இருக்கு. பழைய லினக்ஸ்ல இந்த மானிட்டர் எவ்வளவு தாங்கும்னு நான் எழுதி வெச்சிருந்தேன். புதுசு அதக் கேக்காம அது இஷ்டத்துக்குப் படத்த வேகமா அனுப்புது. இதால வாங்க முடியல."

மூன்று கீயைச் சேர்த்து அழுத்தினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வந்து நின்றது. படம் வராவிட்டாலும் எழுத்தில் பேசலாமாம். அப்புறம் ஒரு மணி நேரம், நான் பக்கத்தில் நின்று வரி வரியாகப் படித்தேன், அவர் அடித்தார். சும்மா சொல்லக் கூடாது, அவர் விரல் கீபோர்டில் ஓடுகிற அழகே அழகு. திரையை நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். "இப்ப என்ன வந்துச்சு?" என்பார். நான் படிப்பேன். "அந்த வரிக்குக் கீழ?" என்பார். கடைசியில் ஒரு பைலில் மானிட்டரின் அளவுகளை மறுபடி எழுதி முடித்து, என்னவோ தட்டினார். படம் பளிச்சென்று வந்தது!

நான் கை தட்டினேன். சர்வேயர் விசிலே அடித்தார். மத்தியானம் வந்த ஓனரும் பார்த்துவிட்டு, "என்னா சார், எழுத்தெல்லாம் எறும்பாட்டம் இருக்கு? சரி, பெருசா வந்தா என்னா சிறுசா வந்தா என்னா, மேப்பு வந்தா சரி" என்று போய்விட்டார். உண்மைதான், புது லினக்ஸில் எழுத்து பொடிப்பொடியாக வந்தது. மேப் சார் மட்டும் மானிட்டருக்கு ஒரு பக்கமாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நான் போய்ப் பையை வைத்ததும் கூப்பிட்டார்.

"கொளஞ்சி, கொஞ்சம் வாங்க. எழுத்து சின்னதா வருது. எங்க கோளாறுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். அதுவரைக்கும் படிச்சுச் சொல்றீங்களா?"

பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார். உட்கார்ந்து படித்தேன். அதற்கடுத்த நாளும் படித்தேன். மூன்றாம் நாள் எனக்கு ஒரு குறும்பு. நான் அடித்துக் கொடுக்கிற எண்களுக்கு நடுவில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு வரி அடித்தேன்: சார், நான் வேலைய விட்டுட்டுப் போறேன். அதை அவர் திரையில் திறந்துவிட்டு, "சரியா இருக்கான்னு நீங்களே பாருங்க சார், எனக்குத் தொண்ட வலிக்குது" என்றேன். துள்ளிக் குதிப்பார், இல்லாவிட்டால் திட்டவாவது திட்டுவார் என்று காத்திருந்தேன்.

மானிட்டருக்குக் கிட்டே போனார். தலையை அந்தப் பக்கம் சாய்த்தார், இந்தப் பக்கம் சாய்த்தார்.

"ம். சரியாத்தான் இருக்கு. பிரிண்ட் குடுத்துடுங்க" என்றார்.

அவருக்குக் கண் தெரியவில்லை. முழுக்கவும் இல்லாமல் இல்லை. நேரே பார்ப்பதுதான் மறைந்துவிடுகிறது, ஓரத்தில் இருப்பது தெரிகிறது. அதனால்தான் முகத்தைப் பார்க்க என் காதைப் பார்த்திருக்கிறார். பெண் பார்க்கப் போன இடத்தில் மஞ்சள் புடவையைத் தவிர அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? நான் சிரித்தேனே, பாவி! கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் பெரிய எழுத்தை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறார்.

அந்த வரியை அழித்துவிட்டு, எண்களை முதலிலிருந்து படித்துக் காட்டினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலை போய்விடும். மேப் போடுகிறவருக்குக் கண் இல்லை என்றால் எந்த ஓனர் வைத்துக்கொள்வார்? அந்த வயதில், அந்தக் கண்ணோடு, அவர் வேறெங்கே போய் நிற்பார்?

இவ்வளவும் நல்லவள் மாதிரி யோசித்தேன். கூடவே இன்னொன்றும் யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்படியானால் என்னைக் கூப்பிட்டது என் கண்ணுக்காகத்தானா? பேச்சுத் துணைக்கு என்றல்லவா நான் தோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்? அன்று பஸ்ஸில் பெரம்பலூர் வருகிறவரை அழுதேன்.

ஆனாலும் மறுநாள் காலையில் அந்த நாற்காலியில் போய் உட்கார எனக்கு எவ்வளவு அவசரம் தெரியுமா! பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போவேன். "சரியாச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டே படியேறுவேன். "இன்னும் பிடிபடல கொளஞ்சி" என்பார். அப்பாடா என்று இருக்கும்.

"முந்நூத்திப் பன்னெண்டு புள்ளி நாலு. எண்பத்தெட்டு புள்ளி ஆறு. எங்க அண்ணி நேத்து வெங்காயத்தக் காய வெச்சுட்டு என்ன சொன்னாங்க தெரியுமா சார்? எண்பத்தேழு புள்ளி ரெண்டு."

"இருங்க இருங்க. என்ன சொன்னாங்க, மறுபடி சொல்லுங்க."

"எண்பத்தேழு புள்ளி ரெண்டு."

"அது வந்துடுச்சு. அண்ணி என்ன சொன்னாங்க?"

என் முப்பது வருஷத்தில் அண்ணி சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்ட ஒரே மனுஷன். என் பக்கத்துச் சீட்டில் பஸ்ஸில் யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது, எல்லாம் கேட்பார். அவருக்குச் சொல்வதற்காகவே நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்கு முன்னால் அந்த ரோட்டை நான் பார்த்ததே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அவர் கீழே மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போயிருந்தார். நான் அவர் மவுஸை எடுத்து, மெனுவில் இதைத் தட்டி அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் அளவு என்று ஒரு பட்டியல் வந்தது. இருப்பதிலேயே சின்ன எண்ணை அமுக்கினேன். திரை ஒரு வெட்டு வெட்டி, அதே பழைய கடை போர்டு எழுத்து வந்து நின்றது! அவ்வளவுதான் வேலை. ஊர்க் கோளாறையெல்லாம் கண்டுபிடிக்கிற மனுஷனுக்குப் பிடிபடாதது என் கைக்கு வந்துவிட்டது.

கூடவே ஒரு கேள்வியும் வந்தது. இந்த அளவை வைத்துக்கொள்ளவா? பதில் சொல்லாவிட்டால் இருபது எண்ணுவதற்குள் பழையபடி மாறிவிடும் என்று போட்டிருந்தது. பத்தொன்பது, பதினெட்டு என்று எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஆம் என்று ஒரு தட்டுத் தட்டினால் அவர் தன் பாட்டுக்குப் படித்துக்கொள்வார், யாரிடமும் மாட்டிக்கொள்ள மாட்டார். நான் என் மூலைக்குப் போய் எண் அடித்துக்கொண்டிருப்பேன். ஐந்து, நாலு, மூன்று. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுத்து மறுபடி எறும்பாகிவிட்டது. அவர் படியேறி வந்ததும், "சாப்டீங்களா சார்?" என்றேன். வேறென்ன சொல்ல?

இப்படியாக ஞாயிறும் குடியரசு தின லீவும் போகப் பதினொரு நாள் படித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் மகளுக்குச் சிறுவாச்சூர் கோயிலில் காதுகுத்து. அன்றைக்கு நான் ஆபீசுக்குப் போகப்போவதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மறந்துவிட்டது என்று ரொம்ப வருஷம் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன், பொய். ஒருநாள் தேடட்டுமே என்றுதான் சொல்லாமல் வந்தேன். என்னைத் தேடி ஒரு ஆள் படியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. கோயிலில் எல்லாரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்நேரம் என்னைக் கேட்டிருப்பாரா, சர்வேயரிடம் விசாரித்திருப்பாரா என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை போனபோது படிக்குக் கீழேயே சர்வேயர் நின்றார்.

"நேத்து எங்கம்மா போயிட்ட? மேப் சாரு கத முடிஞ்சுது. குழிக்காரங்க இன்ஜினியர் எந்தத் தகவலும் இல்லாம காலைல பத்துக்கே வந்துட்டாரு, கூடவே ஓனரும். நானும் இருந்தேன். எல்லைக்கல்லோட எண்ணத் திரைல பாத்துச் சொல்லுங்கன்னாரு. இவரு, கொளஞ்சி வந்துடும், ரெண்டு நிமிஷம்ங்கறாரு. பக்கத்துல ஒரு காலி நாற்காலி வேற போட்டு வெச்சிருந்தாரு, இன்ஜினியர் அதுல உக்காந்துக்கிட்டாரு. பத்து நிமிஷம் ஆச்சு. அது எதுக்கு சார் வரணும், நீங்க படிங்கன்னு ஓனரு சத்தம் போட்டாரு. இவரு கீபோர்டுல என்னத்தையோ தட்ட ஆரம்பிச்சாரு. தட்டறது அப்புறம், மொதல்ல படிங்கன்னு ஓனரு கையப் புடிச்சுட்டாரு. மூக்கு ஒட்டற மாதிரி குனிஞ்சு பாத்துட்டு ஒரு எண்ணச் சொன்னாரு பாரு, எட்டெல்லாம் மூணு! இன்ஜினியர் ரெண்டு வெரல நீட்டி, இது எத்தனன்னு கேட்டுட்டாரு."

நான் மேலே ஓடினேன். சாவியைக் கொடுக்க வந்திருந்தார். கையில் குடையும் டிபன் பாக்ஸும், அவ்வளவுதான் அவர் சாமான்.

"வந்துட்டீங்களா கொளஞ்சி" என்றார்.

என்னால்தான் சார், எனக்கு எழுத்தைப் பெரிதாக்கத் தெரியும் சார், தெரிந்தும் செய்யவில்லை சார் என்று சொல்ல வேண்டும். நெஞ்சில் அத்தனையும் இருக்கிறது. வாய் திறந்தால் காதுகுத்து வருகிறது! மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்தது, ஆசாரி ஊசியை வெண்ணெயில் தொட்டது, பிள்ளை போட்ட கூச்சலில் தேங்காய்ப் பழத் தட்டு கவிழ்ந்தது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்து என் காதைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"ரத்தம் வந்துச்சா?"

"ஒரு சொட்டு சார். அண்ணி மஞ்சள் வெச்சாங்க."

"ம்" என்றார். திட்டக்குடியில் தங்கை வீடு இருக்கிறது, அங்கே போய்ப் பார்க்கிறேன் என்றார். சுவரைத் தொட்டுக்கொண்டு படியிறங்கினார். கூடப் போய்ப் பஸ் ஏற்றிவிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. போன் நம்பர் கிடையாது, விலாசம் கேட்கவில்லை. அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை ஓனர் என்னை மேப் சார் சீட்டில் உட்காரச் சொன்னார். ஆள் கிடைக்கிறவரை இருக்கிற மேப்பையெல்லாம் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மேப் சார் ஒரு நீளமான கட்டளை அடிப்பார், எனக்கு அது மனப்பாடம் இல்லை. மேலே போகிற அம்புக்குறியை அழுத்தினால், முன்னால் அடித்த வரிகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக வரும். அதில் தேடிக்கொள்ளலாம் என்று அழுத்தினேன்.

முதலில் வந்தது பிரிண்ட் வரி இல்லை. திரையின் அளவை மாற்றுகிற வரி. கடைசியில் 1280 என்று முடிந்தது. அதற்கு முந்தியது ஏதோ ஒரு மேப்பைத் திறந்த வரி. அதற்கு முந்தியது மறுபடி அளவை மாற்றுகிற வரி, இது 640 என்று முடிந்தது. என்ன ஆகிறது என்று பார்க்க அதை அப்படியே தட்டினேன். எழுத்தெல்லாம் கடை போர்டாகிவிட்டது.

இவருக்குத்தான் பிடிபடவில்லை என்றாரே! இன்னும் மேலே போனேன். வியாழக்கிழமை நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்த வேலையெல்லாம் தலைகீழாக வந்தது. அதற்கு முன்னால் 1280. அதற்கு முன்னால் அவர் தனியாகத் திறந்து வேலை பார்த்த இரண்டு மூன்று மேப். அதற்கு முன்னால் 640. அதற்கும் முந்தின நாள், அதே மாதிரி. தினமும் எட்டரைக்கு வந்து பெரிதாக்கியிருக்கிறார். பத்து மணிக்கு நான் வருவதற்குள் சின்னதாக்கியிருக்கிறார்.

விரல் விட்டு எண்ணினேன். பன்னிரண்டு ஜோடி இருந்தது. நான் படித்தது பதினொரு நாள். பன்னிரண்டாவது அந்த வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் பெரிய எழுத்தில் ஒரு மேப்பை முடித்துவிட்டு, என் பஸ் வருகிற நேரத்துக்கு எழுத்தைச் சின்னதாக்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். ஓனரும் இன்ஜினியரும் படியேறி வந்த சத்தத்தை, நான்தான் வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.